ஒண்ட வந்த வைரஸ், ஒட்டிக்கொண்ட புரதம்

மருந்துக் கடையில் வாங்கும் கர்ப்பப் பரிசோதனை அட்டையில் இரண்டு மூன்று சொட்டு சிறுநீரை விட்டுவிட்டுக் காத்திருந்தால், சில நிமிடத்தில் ஒரு கோடோ இரண்டு கோடோ தெரியும். இரண்டாவது கோடு விழக் காரணம் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன். அதைச் சுரப்பது கருவோடு சேர்ந்து வளரும் நஞ்சுக்கொடியின் வெளித்தோல். அந்தத் தோல் உருவாவதற்குச் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் புரதம் ஒன்று வேண்டும். அதற்குச் சின்சிட்டின் என்று பெயர். அந்தப் புரதத்தின் மரபணுவைப் பின்னோக்கித் தேடிக்கொண்டே போனால், 2.5 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் நம் குரங்கு மூதாதை ஒன்றைத் தொற்றிய ஒரு வைரஸில் போய் முடிகிறது.

இது ஏதோ விதிவிலக்கு என்று நினைக்க வேண்டாம். மனித டிஎன்ஏவில் சுமார் 8 சதவீதம் இப்படிப் பழைய வைரஸ்களிடமிருந்து வந்து சேர்ந்தது. நம் உடம்பின் புரதங்களுக்கெல்லாம் செய்முறை எழுதியிருக்கும் பகுதியோ 2 சதவீதத்துக்கும் குறைவு. முதல் தடவை படித்தபோது, இரண்டு எண்ணையும் இடம் மாற்றி அச்சடித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

பழைய கோயில்களில் பார்த்திருப்பீர்கள். திருப்பணியின்போது கழற்றிய கல்வெட்டுக் கற்களை, எழுத்தைப் பார்க்காமல், கைக்கு வந்த வரிசையில் திரும்ப அடுக்கியிருப்பார்கள். ஒரு கல் ‘ஸ்வஸ்தி ஸ்ரீ’ என்று தொடங்கும். அடுத்த கல் தலைகீழாக இருக்கும். இன்னொன்று படிக்கட்டாகி, மிதிபட்டு, எழுத்தே தேய்ந்திருக்கும். நம் டிஎன்ஏவில் கிடக்கும் வைரஸ் மிச்சங்களில் பெரும்பாலானவற்றின் கதியும் இதுதான். பாதி வரி, நடுவில் பிழை, வாசித்தால் அர்த்தம் வராது. அபூர்வமாக ஒரு கல் மட்டும் எழுத்து அழியாமல் இருக்கும். சின்சிட்டின் அப்படி ஒரு கல்.

சரி, வைரஸின் எழுத்து நம் டிஎன்ஏவுக்குள் எப்படி வந்தது? எல்லா வைரஸாலும் இது முடியாது. ரெட்ரோவைரஸ் என்ற வகைக்குத்தான் இது வழக்கமான வேலை. எச்.ஐ.வி. அந்த வகையைச் சேர்ந்தது. சாதாரணமாகச் செல்லுக்குள் டிஎன்ஏவைப் பார்த்து ஆர்என்ஏ எழுதப்படும். ஆர்என்ஏவைப் பார்த்துப் புரதம் செய்யப்படும். ரெட்ரோவைரஸ் முதல் படியைத் தலைகீழாக்கும். அதன் மரபுச் செய்தி ஆர்என்ஏவில் இருக்கிறது. செல்லுக்குள் நுழைந்ததும், கூடவே கொண்டுவந்த ஒரு நொதியை வைத்து அந்த ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றி எழுதும். 1970இல் ஹோவர்ட் டெமின், டேவிட் பால்டிமோர் இருவரும் இந்த நொதியைத் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். 1975இல் நோபல் பரிசும் வாங்கினார்கள். இன்னொரு நொதி, செல்லின் சொந்த டிஎன்ஏவை வெட்டி, புதிதாக எழுதிய வைரஸ் டிஎன்ஏவை நடுவில் செருகிவிடும். அதன்பிறகு செல்லுக்கு எது தன்னுடையது, எது வந்தது என்ற வித்தியாசம் தெரியாது. கொரோனா வைரஸிடம் இந்த இரண்டு நொதியும் இல்லை என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். அதுவும் நம் டிஎன்ஏவுக்குள் புகுந்துவிடுமா என்று வாட்ஸ்அப்பில் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

எச்.ஐ.வி. செருகிக்கொள்வது ரத்தத்தின் ஒரு வகை வெள்ளை அணுவுக்குள். அந்த அணு செத்தால் செருகியதும் போயிற்று. தாயிடமிருந்து குழந்தைக்கு அது வருவதும் தொற்றாகத்தான், சொத்தாக அல்ல. ஆனால் ஒரு ரெட்ரோவைரஸ் தப்பித் தவறி விந்தணுவையோ கருமுட்டையையோ உண்டாக்கும் செல்லுக்குள் செருகிக்கொண்டால் கதை வேறு. அதிலிருந்து பிறக்கும் பிள்ளையின் ஒவ்வொரு செல்லிலும் அந்த வைரஸ் டிஎன்ஏ இருக்கும். பிறகு பேரப் பிள்ளை, கொள்ளுப் பேரன் என்று மூக்கும் முழியும் போல அதுவும் இறங்கிக்கொண்டே போகும்.

1960களின் கடைசியில் லண்டனில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ராபின் வைஸ், கோழிகளிடம் இதைக் கண்டார். நோயே இல்லாத கோழியின் செல்கள் ஒரு வைரஸின் மேலுறைப் புரதத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தன. அந்தப் பண்பு தாய் தகப்பனிடமிருந்து குஞ்சுக்கு, பட்டாணிச் செடியில் மெண்டல் பார்த்த அதே கணக்கில் இறங்கியது. அப்படியானால் வைரஸ் கோழியின் மரபணுக்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் எழுதிய கட்டுரையைப் பார்த்த மதிப்பீட்டாளர் ஒருவர், ‘இது நடக்கவே முடியாது’ என்று திருப்பி அனுப்பினார். வைஸ் விடவில்லை. வளர்ப்புக் கோழியின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழியைத் தேடி மலேசியக் காடு வரை போனார். அங்கேயும் வைரஸ் இருந்தது.

ஒரு ரெட்ரோவைரஸுக்கு முக்கியமாக மூன்று மரபணுக்கள். ‘காக்’ உள்கூட்டைச் செய்யும். ‘போல்’ மேலே சொன்ன நொதிகளைச் செய்யும். ‘என்வ்’ மேலுறையில் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் புரதத்தைச் செய்யும். இந்த மூன்றுக்கும் இரண்டு பக்கமும் புடவையின் இரு கரைபோல ஒரே வாசகம் இருக்கும். மரபணுக்களை எப்போது இயக்குவது என்ற சுவிட்ச் அதில்தான். வைரஸ் செருகிக்கொண்ட நாளில் இரண்டு கரையும் அச்சு அசலாக ஒன்றே. அப்புறம் தலைமுறை தலைமுறையாக இரண்டிலும் தனித்தனியே எழுத்துப் பிழைகள் சேரும். எத்தனை பிழை வித்தியாசம் என்று எண்ணினால் எப்போது வந்து செருகியது என்று கணக்குப் போட்டுவிடலாம்.

இப்போது சின்சிட்டினுக்கு வருவோம்.

2000இல் அமெரிக்காவில் ஜான் மெக்காயின் குழுவினர், மனித உடலில் ஒரு மரபணு கிட்டத்தட்ட நஞ்சுக்கொடியில் மட்டுமே மும்முரமாக வேலை செய்வதைக் கவனித்தார்கள். வாசித்துப் பார்த்தால் அது ஒரு ரெட்ரோவைரஸின் என்வ் மரபணு. ஏழாவது குரோமோசோமில் இருக்கிறது. பக்கத்திலேயே அதே வைரஸின் காக், போல் இரண்டும் உடைந்து கிடக்கின்றன. என்வ் மட்டும் முழுசாக இருக்கிறது. அதை வேறு செல்களுக்குள் போட்டுப் பார்த்தார்கள். பக்கத்துப் பக்கத்துச் செல்கள் சுவரை இடித்துக்கொண்டு ஒன்றாகி, ஒரே பைக்குள் பல உட்கருக்கள் மிதக்கும் பெரிய செல்கள் ஆயின.

ஏன் ஒன்றாகின்றன? என்வ் புரதத்தின் பழைய தொழிலே அதுதான். வைரஸ் வெளியே இருக்கும். செல்லின் சவ்வு குறுக்கே நிற்கும். என்வ் செல்லின் மேல் இருக்கும் ஒரு புரதத்தைக் கதவாகப் பிடித்துக்கொண்டு, வைரஸின் சவ்வையும் செல்லின் சவ்வையும் இழுத்து ஒட்டி ஒரே சவ்வாக்கிவிடும். வழி திறந்துவிடும். அதே புரதத்தை வைரஸுக்குப் பதில் ஒரு செல் தன் மேல் மாட்டிக்கொண்டால்? பக்கத்துச் செல்லோடு சவ்வு கலந்துவிடும். எண்ணெய்ச் சொட்டுகள் ரசத்தின் மேல் ஒன்றோடு ஒன்று சேர்ந்து பெரிய சொட்டாவதுபோல.

நஞ்சுக்கொடிக்கு இது எதற்கு? தாயின் ரத்தமும் பிள்ளையின் ரத்தமும் நேரடியாகக் கலக்கக் கூடாது. ஆனால் சத்தும் ஆக்சிஜனும் கடந்து போக வேண்டும். நடுவில் ஒரு தடுப்பு தேவை. செங்கல் அடுக்கியதுபோலச் செல்களை அடுக்கினால் இடுக்கு இருக்கும். இடுக்கு வழியே கிருமியும் தாயின் எதிர்ப்பு அணுக்களும் நுழையலாம். செல்கள் எல்லாம் உருகி ஒன்றாகிவிட்டால் இடுக்கே கிடையாது. பிரசவ நேரத்தில் இந்த ஒட்டிய தோலை விரித்துப் பார்க்க முடிந்தால் சுமார் 12 சதுர மீட்டர் வரும். ஒரு சின்னப் படுக்கையறையின் தரை அளவு. அதற்குள் உட்கருக்கள் ஏராளம், குறுக்குச் சுவர் ஒன்றுகூட இல்லை. முதலில் சொன்ன எச்.சி.ஜி. சுரப்பது இந்தத் தோல்தான்.

2003இல் பிரான்ஸில் தியரி ஹைட்மனின் குழு இரண்டாவது ஒன்றைக் கண்டுபிடித்தது. சின்சிட்டின்-2, ஆறாவது குரோமோசோமில். இது வேறொரு வைரஸிடமிருந்து, 4 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் வந்தது. இந்த இரண்டு புரதமும் பிடித்துக்கொள்ளும் கதவுகள்கூட வேறு வேறு. முதலாவது, அமினோ அமிலங்களைச் செல்லுக்குள் ஏற்றும் புரதத்தைப் பிடிக்கும். இரண்டாவது பிடிப்பது ஒமேகா-3 கொழுப்பை மூளைக்குக் கொண்டுபோகும் புரதத்தை.

இதைவிட ஆச்சரியம் மற்ற விலங்குகளிடம் இருக்கிறது. சுண்டெலிக்கும் சின்சிட்டின் உண்டு. ஆனால் நம்முடையது அல்ல. எலி மூதாதையைத் தொற்றிய வேறு வைரஸின் என்வ். முயலுக்கு இன்னொன்று. நாய், பூனை வகைக்கு இன்னொன்று. ஆடு மாடுகளுக்கு இன்னொன்று. தென் அமெரிக்காவில் மபூயா என்ற பல்லி வகை குட்டி போடுகிறது. அதற்கும் ஒரு மாதிரி நஞ்சுக்கொடி உண்டு. 2017இல் பார்த்தால் அதற்கும் தனியாக ஒரு வைரஸ் புரதம்! ஒரே வேலைக்கு ஒவ்வொரு குலமும் தன்னைத் தொற்றிய வைரஸிடமிருந்து தனித்தனியே கருவி எடுத்திருக்கிறது.

அப்படியானால் சின்சிட்டின்-1 வருவதற்கு முன்னால் நம் மூதாதைக்கு நஞ்சுக்கொடி இல்லையா? இருந்தது. 10 கோடி ஆண்டுக்கு முன்பே இருந்தது. அப்போது இந்த வேலையை வேறு ஏதோ பழைய வைரஸின் என்வ் செய்திருக்கலாம். அப்புறம் இன்னும் நன்றாக ஒட்டும் புதியது வந்ததும் பழையது தேய்ந்து அழிந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள். ‘ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியது’ என்பார்கள். இந்தக் கணக்குப்படி ஊர்ப் பிடாரியும் ஒரு காலத்தில் ஒண்ட வந்ததுதான்.

நஞ்சுக்கொடிக்குச் சின்சிட்டின் தேவை என்பதும் வெறும் ஊகம்தானா, சோதித்தார்களா என்று கேட்கலாம். மனிதரிடம் சோதிக்க முடியாது; சுண்டெலியில் சோதித்தார்கள். 2009இல் சுண்டெலியின் சின்சிட்டின்களில் ஒன்றான சின்சிட்டின்-ஏ மரபணுவை நீக்கிய எலிக் கருக்கள் பன்னிரண்டு, பதின்மூன்று நாளில் வயிற்றிலேயே இறந்தன. எலியின் கர்ப்பகாலம் சுமார் 20 நாள். நஞ்சுக்கொடியைப் பார்த்தால் அங்கே செல்கள் ஒட்டாமல் தனித்தனியாக நின்றிருந்தன. 2016இல் இன்னொரு சேதி: சின்சிட்டின் குறைந்த ஆண் எலிகளுக்குத் தசை குறைவாக இருந்தது. தசை நாரும் பல செல்கள் ஒட்டி உண்டாவதுதானே.

இங்கே ஒரு தயக்கத்தைச் சொல்ல வேண்டும். ‘வைரஸ் இல்லாவிட்டால் மனிதனே இல்லை’ என்று தலைப்பு போடுகிறார்கள். பன்றிக்கும் குதிரைக்கும் நஞ்சுக்கொடி உண்டு. அவற்றில் இப்படிச் செல்கள் ஒட்டிய தோல் இல்லை, சின்சிட்டினும் கண்டுபிடிக்கப்படவில்லை. அவையும் குட்டி போட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. வைரஸ் புரதம் இல்லாமல் வேறு வழியும் உண்டு. நம் குலம் போன வழி இது, அவ்வளவுதான்.

மாட்டின் நஞ்சுக்கொடியைக் கிராமத்தில் பார்த்தவர்களுக்கு, குலத்துக்குக் குலம் நஞ்சுக்கொடி வேறுபடுவது கண்ணாலேயே தெரியும். பசு கன்று போட்டு, கொஞ்ச நேரம் கழித்து நஞ்சு விழும். நாய் இழுக்காமல் அதை வைக்கோலில் சுற்றிச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவார்கள். சுற்றுவதற்கு முன் பார்த்தால் அதில் பெரிய பெரிய பொத்தான்கள் தைத்ததுபோல இருக்கும். மாட்டுக்கு நஞ்சு கருப்பையோடு ஒட்டுவது அந்தப் பொத்தான் இடங்களில் மட்டும். அங்கே கருவின் பக்கத்துச் செல்கள் சில, தாயின் செல்லோடு ஒட்டி மூன்று உட்கரு உள்ள செல்லாகின்றன. அந்த ஒட்டும் வேலையிலும் வைரஸ் புரதம் இருக்கிறது. மனித நஞ்சு தட்டையான ஒரே வட்டு. அப்புறம் ஒரு தற்செயல்: நாம் இதை ‘நஞ்சு’ என்கிறோம். ‘வைரஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்கும் அர்த்தம் நஞ்சுதான்.

ஒட்டுவது மட்டும்தான் வேலையா என்றால், இல்லை. திருடனைப் பிடிக்கத் திருடனையே வைத்த கதையும் இருக்கிறது. நஞ்சுக்கொடியில் சப்ரசின் என்று ஒரு புரதம். அதுவும் பழைய என்வ் ஒன்றின் பாதித் துண்டு. சின்சிட்டின்-1 பிடிக்கும் அதே கதவில் போய் உட்கார்ந்துகொள்ளும், ஆனால் ஒட்டவைக்கும் திறன் அதற்கு இல்லை. பூட்டின் துளைக்குள் உடைந்த சாவி மாட்டிக்கொண்டால் வேறு சாவி நுழையாது அல்லவா, அது மாதிரி. சின்சிட்டின் அளவு மீறி ஒட்டாமல் இருக்க இது பிரேக் என்று 2013இல் சொன்னார்கள். 2022இல் செட்ரிக் ஃபெஷோட்டின் குழு, அதே கதவு வழியே வரும் இன்றைய ரெட்ரோவைரஸ் வகை ஒன்றையும் இந்த உடைந்த சாவி தடுக்கிறது என்று காட்டியது. செத்த வைரஸின் எலும்பு, உயிருள்ள வைரஸுக்கு முட்டுக்கட்டை.

புரதம் செய்யாத மிச்சங்களுக்கும் வேலை கிடைத்திருக்கிறது. இரண்டு பக்கக் கரை என்று சொன்னேனே, அதில் சுவிட்ச் இருக்கிறது. வைரஸின் நடுப்பகுதி அழிந்து கரை மட்டும் மிஞ்சிய இடங்கள் நம்மிடம் லட்சக்கணக்கில் உள்ளன. அவற்றில் சில, பக்கத்திலிருக்கும் நம் சொந்த மரபணுக்களை இயக்கும் சுவிட்சாகவே மாறிவிட்டன. உடம்புக்குள் கிருமி நுழைந்தது என்ற எச்சரிக்கை வந்ததும் விழித்துக்கொள்ளும் மரபணுக்கள் சிலவற்றின் சுவிட்ச் இப்படி வந்தது என்று 2016இல் தெரிந்தது.

மூளைக் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஆர்க் என்ற மரபணு இல்லாத எலியால் கற்றதை நீண்ட நாள் நினைவில் வைக்க முடியாது. 2018இல் அமெரிக்காவில் ஜேசன் ஷெப்பர்டு, விவியன் பட்னிக் இருவரின் குழுக்களும் தனித்தனியே ஒரே சேதியைச் சொன்னார்கள்: ஆர்க் புரதங்கள் ஒன்றுகூடி, வைரஸின் கூடு போலவே ஒரு உருண்டையாகி, உள்ளே ஆர்என்ஏவை வைத்துக்கொண்டு, ஒரு நரம்பு செல்லிலிருந்து இன்னொரு செல்லுக்குப் பார்சல் போகின்றன. வைரஸ் பரவும் அதே முறை. உடனே ‘நம் நினைவாற்றல் வைரஸ் தந்த வரம்’ என்று செய்திகள் வந்தன. ஆர்க்கின் மூதாதை நேரடியாக வைரஸ் அல்ல. டிஎன்ஏவுக்குள்ளேயே நகல் எடுத்துத் தாவும் ஒரு துண்டு, ரெட்ரோவைரஸுக்குப் பங்காளி முறை. நினைவு உருவாவதில் அந்தப் பார்சலுக்கு எவ்வளவு பங்கு என்பதும் இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறது.

இவ்வளவு வைரஸ் துண்டுகளை உள்ளே வைத்துக்கொண்டு ஆபத்தே இல்லையா? செல்கள் சும்மா விடுவதில்லை. டிஎன்ஏவின் மேல் ரசாயனக் குறி போட்டு அந்தப் பகுதிகளைப் பெரும்பாலும் பூட்டியே வைத்திருக்கின்றன. கரு எட்டு செல் அளவில் இருக்கும் நேரம் போன்ற சில சமயங்களில் பூட்டு தளர்கிறது. நம்மிடம் உள்ளவற்றில் இளையதான ஹெர்வ்-கே வகை அப்போது விழித்துப் புரதமும் செய்கிறது என்று 2015இல் ஸ்டான்ஃபோர்டில் பார்த்தார்கள். சில புற்றுநோய்களிலும் பூட்டு கழல்கிறது. தண்டுவட மரப்பு நோய் (மல்டிபிள் ஸ்கிளரோசிஸ்) உள்ளவர்களிடம் ஹெர்வ்-டபிள்யூ வகையின் என்வ் புரதம் கூடுதலாகத் தெரிகிறது. அது நோயின் காரணமா, நோய் வந்ததால் விளைந்ததா என்பது தீரவில்லை. இந்தப் புரதங்களைக் காட்டிப் பயமுறுத்தும் விளம்பரமோ மருந்தோ கண்ணில் பட்டால் தள்ளியே நில்லுங்கள்.

ஒரு வைரஸ் டிஎன்ஏவுக்குள் குடியேறும் காலம் எப்படி இருக்கும் என்பதை இன்று நேரில் பார்க்க முடிகிற இடம் ஆஸ்திரேலியா. கோலாக்களுக்குள் ஒரு ரெட்ரோவைரஸ் இப்போதுதான் நுழைந்துகொண்டிருக்கிறது. பரிணாமக் கணக்கில் ‘இப்போது’ என்றால் சில ஆயிரம், பல ஆயிரம் ஆண்டுகள். வடக்கே குயின்ஸ்லாந்தில் எல்லாக் கோலாவின் டிஎன்ஏவிலும் அது இருக்கிறது, ஆனால் கோலாவுக்குக் கோலா வேறு வேறு இடத்தில். ஒரு பக்கம் பரம்பரையாக இறங்குகிறது, இன்னொரு பக்கம் சாதாரணத் தொற்றாகவும் பரவுகிறது. ரத்தப் புற்றுநோய் வந்து பல கோலாக்கள் சாகின்றன. அவற்றின் விந்தணுச் செல்கள் இந்த வைரஸை அடையாளம் கண்டு அடக்கத் தொடங்கியிருப்பதை 2019இல் கண்டார்கள். தெற்கே விக்டோரியா பக்கம், முழு வைரஸும் பரம்பரையாக வந்து சேராத கோலாக்கள் இன்னும் யூகலிப்டஸ் கிளையில் உட்கார்ந்து இலை மென்றுகொண்டிருக்கின்றன.